உப்புக்கு உடுப்பு

விஜயராகவன் முசியேவுக்கு அம்மணமான எண்ணைப் பார்த்தால் கூசும். திரையில் 2140 என்று ஒரு எண் வெறுமனே நின்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்ன இது, இடுப்புல துண்டு கூட இல்லாம நிக்குது" என்பார். ஆயிரத்துக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும். கடைசியில் ஒரு கமா, கமாவுக்குப் பின்னால் ஒரு சுழியம். 2 140,0. பிரான்சில் எண்களெல்லாம் இப்படி உடுத்திக்கொண்டுதான் வெளியே வருமாம். புதுச்சேரி எண்களும் அந்தத் தேசத்தோடு நெடுங்காலம் பழகியவைதானே, கொஞ்சம் நாகரிகம் கற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்பது அவர் கட்சி.

அவர் நடத்தும் நீர் நலச் சங்கத்தில் கணினி பார்ப்பவள் நான். பெயர் சிந்துஜா. நெல்லித்தோப்பில் ஒரு பெயின்ட் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. பிரான்சில் உள்ள ஒரு நன்கொடைக் குழு எங்களுக்குப் படியளக்கிறது. அவரை எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிட வேண்டும். சார் என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

எங்கள் வேலை எளிமையானது. ஊருக்கு ஒருவர் அங்குள்ள தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை முக்கி, உப்பு எவ்வளவு என்று போனில் அனுப்புவார். அது டேட்டாபேஸில் போய் உட்காரும். காலையில் நான் ஒரு குவெரி ஓட்டுவேன். குவெரி என்றால் டேட்டாபேஸைப் பார்த்துக் கேட்கிற கேள்வி, அவ்வளவுதான். 'எந்த ஊரில் உப்பு அதிகம்? அதிகத்தில் தொடங்கிக் குறைவு வரைக்கும் அடுக்கிக் கொடு' என்பது என் கேள்வி. பதில் ஒரு தாளில் அச்சாகி வரும். தாளின் தலைப்பக்கம் இருக்கிற ஊர்களுக்கு எங்கள் டேங்கர் லாரி நல்ல தண்ணீர் கொண்டுபோகும். லாரி ஓட்டும் செம்மல் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அந்தத் தாளில் பிள்ளைச்சாவடிதான் எப்போதும் முதல் வரி. கடலை ஒட்டிய மீனவர் ஊர், போர் போட்டால் கடலே மேலே வந்து எட்டிப் பார்க்கும். அங்கே ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறவள் என் அக்கா அமுதவல்லி.

அக்கா கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவளை விழுப்புரம் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தோம். அந்த வீட்டில் பெண்களை அடிப்பதைச் சாப்பாட்டு நேரம் மாதிரி ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். ஒருநாள் ஒரு பையோடு திரும்பி வந்துவிட்டாள். பேசித் தீர்க்க வந்த பெரிய மனிதர்கள் பெரிய மனது பண்ணி ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். கடை வைத்துப் பிழைக்க முடிகிறவரை அவள் தனியாக இருந்துகொள்ளலாம், கடையை மூடினால் புருஷன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். எங்கள் அப்பாவும் அதற்குத் தலையாட்டினார். ஆக, அவளுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பாய்லரும் நாலைந்து கண்ணாடி டம்ளரும்தான். விடியற்காலையில் கடலிலிருந்து வருகிறவர்களும் மீன் ஏலத்துக்கு வருகிறவர்களும் அவள் கடையில் நிற்பார்கள். லாரித் தண்ணீரில் அவள் போடுகிற டீ நன்றாகவே இருக்கும்.

இந்த நேரத்தில் முசியேவுக்குப் படிப்பு ஆசை வந்தது. சில ஞாயிற்றுக்கிழமைகள் ஆன்லைனில் உட்கார்ந்து எஸ்க்யூஎல் கற்றுக்கொண்டார். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழி அது. சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பிரெஞ்சுக் கொடியின் பக்கத்தில் மாட்டினார். மாட்டிய கையோடு என் குவெரியைத் திறந்து, எண்ணை அழகான எழுத்தாக மாற்றுகிற ஒரு கட்டளையை அதில் தன் கையாலேயே சேர்த்தார். அன்று முழுவதும் பிரெஞ்சில் "வுவாலா, வுவாலா", இதோ பார், இதோ பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரிந்தார். தாளைப் பிரான்சுக்கு அனுப்பினார். அங்கிருந்து பாராட்டு வந்தது. உடனே குவெரிக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டார். அங்கீகரிக்கப்பட்ட அழகில் இனி யாரும் கை வைக்கக் கூடாதாம்.

மறுநாள் தாளை எடுத்துப் பார்த்த எனக்குப் பகீரென்றது.

முதல் வரியில் உழவர்கரையின் ஒரு புதுக் காலனி இருந்தது. எங்கள் பட்டியலிலேயே நல்ல தண்ணீர் அங்கேதான். சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையமே வைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் அதையும் அளந்துகொண்டிருந்தோம். அதன் எண் 96,0. அதற்கு அடுத்தது 870,0. அதற்குக் கீழே 610,0. எங்கேயோ தாளின் அடியில், 2 140,0 என்று ஜோராக உடுத்திக்கொண்டு பிள்ளைச்சாவடி நின்றது.

நடந்தது இதுதான். எண்ணுக்கு உடுப்பு மாட்டியதும் அது எண்ணாக இருப்பதில்லை, எழுத்தாகிவிடுகிறது. எழுத்துகளைக் கணினி அகராதியில் அடுக்குகிற மாதிரிதான் அடுக்கும். முதலில் நிற்பதை மட்டும் பார்க்கும். 9 பெரியது, 2 சின்னது, முடிந்தது கதை. பின்னால் எத்தனை இலக்கம் வரிசைகட்டி நின்றாலும் அதற்குக் கவலையில்லை. காட்டுவதற்கு உடுப்பு மாட்டிய எழுத்தையும், அடுக்குவதற்கு உள்ளே இருக்கிற வெறும் எண்ணையும் வைத்துக்கொண்டிருந்தால் போதும். முசியே இரண்டுக்கும் அழகான எழுத்தையே வைத்துவிட்டார். திருத்துவதற்கு ஒரு வார்த்தையை மாற்றினால் போதும்.

அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சான்றிதழை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

"சிந்துஜா, நீங்க ஒவ்வொரு நம்பரா பார்க்குறீங்க. நான் வரிசையப் பார்க்குறேன். வரிசைய மெஷின் போட்டிருக்கு. மெஷின் எதுக்குத் தப்பு பண்ணப் போவுது?"

"மெஷின் பண்ணல முசியே. நம்ம சொன்னத அது செய்யுது."

"நம்மன்னா யாரு?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிவிட்டு அந்த அறையில் நிற்க முடியாது.

"தொண்ணூத்தாறு பெருசா, ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது பெருசா முசியே?" என்று மட்டும் கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா இது பாரீசுல ஓகே பண்ண தாளு. அடுத்த மாசம் நன்கொடைக் குழு மதாம் நேர்ல வராங்க. இப்ப போயி மாத்துனா, முன்னாடி அனுப்பினது தப்புன்னு ஆயிடும். அவங்க வந்துட்டுப் போவட்டும், அப்புறம் பார்க்கலாம்."

உப்புக்கு அவருடைய நாள்காட்டி தெரியாது என்று சொல்ல நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும், அது பிறவிக் குணம்.

லாரி உழவர்கரைக் காலனிக்குப் போக ஆரம்பித்தது. அங்கே நடந்ததைச் செம்மல் தினமும் வந்து சொல்வான். முதல்நாள் வழிதவறி வந்துவிட்டதாக நினைத்து ரோட்டைக் காட்டி அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். இலவசத் தண்ணீர் என்று தெரிந்ததும் மனம் மாறிவிட்டார்கள். கார் கழுவினார்கள், குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றினார்கள், ஒருவர் தன் நாய்க்குச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டினாராம்.

"செம்மல், திரும்பி வர்றப்ப பிள்ளைச்சாவடிக்கு ஒரு நடை போயிட்டு வாயேன்" என்று ஒருநாள் கெஞ்சினேன்.

"லாரில ஜிபிஎஸ் மாட்டியிருக்காருக்கா. தாளுல மேல இல்லாத ஊருக்குப் போனா வேல போயிடும். எனக்கு ஆசையா என்ன, நாய்க்குத் தண்ணி ஊத்த?"

அக்காவிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. உப்புத் தண்ணீரில் பால் திரிகிறது. கேன் தண்ணீர் வாங்கிப் போட்டுப் பார்த்தாள், கட்டுப்படியாகவில்லை. விடியற்காலை ஆட்கள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு காலாப்பட்டுப் பக்கம் வேறு கடை பிடித்துக்கொண்டார்கள். டீ குடிக்கிறவன் ஒரு கடையை விட்டுப் போனால் எளிதில் திரும்புவதில்லை.

மாதம் பிறந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவளைப் பார்க்கப் போனேன். பாய்லர் ஆறிக் கிடந்தது. அக்கா டம்ளர்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். துடைக்கத் தேவையே இல்லாத டம்ளர்கள். காலனியையும் நாயையும் முசியேவின் கமாவையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"எங்க தண்ணிதான உங்க லிஸ்டுலயே ரொம்ப மோசம்?"

"ஆமாக்கா."

"அப்புறம் எப்பிடிக் கீழ போச்சி?"

"நம்பர எழுத்தா மாத்திட்டாரு."

"எழுத்தா மாத்துனா உப்பு போயிடுமாடி?"

புருஷனின் அண்ணன், அதான் மூத்தார், போன் பண்ணியதாகச் சொன்னாள். கடை படுத்துவிட்டது என்ற சேதி விழுப்புரம் வரைக்கும் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறாராம். அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் ஒரே டம்ளரையே துடைத்துக்கொண்டிருந்தது. அவளை அந்த வீட்டுக்கு மறுபடி அனுப்பப் போவது அந்த வீட்டு ஆள்கூட இல்லை. ஒரு சான்றிதழ்.

மூத்தார் வரவிருந்த வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, மதாம் வந்து இறங்கினார். பருத்திச் சேலை கட்டிய வெள்ளைக்கார அம்மாள், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். முசியே மல்லிகை மாலை போட்டு, அரைமணி நேரம் பிரெஞ்சில் வரவேற்றார். பள்ளியில் மார்க் வாங்க எளிது என்று பிரெஞ்சு எடுத்துப் படித்தவள் நான், பாதிக்கு மேல் புரிந்தது. இத்தனை அழகான அறிக்கையைத் தான் பார்த்ததில்லை என்று மதாம் சொன்னார். பிறகு, மிகவும் பாதிக்கப்பட்ட இடத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். முசியே தாளை எடுத்தார். முதல் வரியைப் பார்த்தார். ஒரு நொடி தயங்கினார். அந்த ஒரு நொடியில் எனக்கு நம்பிக்கை வந்தது.

"உழவர்கரை" என்றார் முசியே. என் நம்பிக்கை போய்விட்டது.

அன்று முசியேவின் காரைச் செம்மல்தான் ஓட்டினான். மதாமும் முசியேவும் பின்னால். நான் கோப்புகளோடும் லேப்டாப்போடும் முன்னால். காலனி வாசலில் செயற்கை நீரூற்று ஒன்று பீய்ச்சிக்கொண்டிருந்தது. பாதிக்கப்பட்ட மக்கள் சார்பில் காலனிச் சங்கச் செயலாளர் இனியவன் வெள்ளைச் சட்டையில் வந்து எங்களை வரவேற்றார். எல்லோருக்கும் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். மதாம் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை விரித்தார். "எக்ஸலான்" என்றார், பிரமாதமாம்.

முசியேவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் நாற்காலியில்தான் விழுவார்.

"பார்த்தீர்களா மதாம்" என்றார் பிரெஞ்சில், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. "பட்டியலில் முதல் இடத்தில் இருந்த ஊர். எங்கள் லாரி வர ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இப்போது இவர்கள் குடிக்கும் தண்ணீர் இது."

மதாமின் கண் கலங்கிவிட்டது. இனியவனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்ன நடக்கிறது என்று தெரியாத இனியவன், லாரி இன்னும் சின்னதாக இருந்தால் கார்கள் வந்துபோக வசதியாக இருக்கும் என்று தமிழில் கேட்டுக்கொண்டார். மக்கள் நன்றி சொல்வதாக முசியே அதை மொழிபெயர்த்தார்.

மதாம் தங்கியிருந்த விடுதி வடக்கே, காலாப்பட்டுக்குப் போகிற வழியில் இருந்தது. கார் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது டீ குடித்தால் நன்றாக இருக்கும் என்று மதாம் சொன்னார். திரும்பி ஒயிட் டவுனுக்குப் போகலாம், அங்கே நல்ல கஃபே இருக்கிறது என்றார் முசியே. வேண்டாம், ரோட்டுக் கடையில்தான் குடிக்க வேண்டும் என்றார் மதாம். பிரான்சிலிருந்து வருகிற யாரும் ரோட்டுக் கடையை விட்டுவைப்பதில்லை, அவர்கள் பழக்கத்துக்கு முதல்முறையாக நன்றி சொல்லிக்கொண்டேன்.

"செம்மல், பிள்ளைச்சாவடி ஸ்டாப்பிங் தாண்டி ஒரு கடை இருக்குல்ல, அங்க நிறுத்து" என்றேன். செம்மல் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார் மட்டும் கொஞ்சம் வேகமாகப் போனது.

அக்கா அன்று கடையில்தான் இருந்தாள். சாமான்களைக் கட்டிவைத்துக்கொண்டிருந்தாள். காரையும் வெள்ளைக்கார அம்மாளையும் பார்த்து எழுந்தாள்.

"மூணு டீ போடுக்கா."

"கொஞ்சம் கேன் தண்ணி மிச்சமிருக்கு. அதுல போடறேன்."

"கேன் தண்ணி வேணாம். ஊரு போர் தண்ணியிலயே போடு."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பாய்லரைப் பற்றவைத்தாள்.

டீ வந்தது. டம்ளரில் பால் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகளாக மிதந்தது. முசியே தன் டம்ளரைத் தூரமாகத் தள்ளிவைத்து, "பால் கெட்டுப் போயிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். மதாம் டீச்சரல்லவா, விடவில்லை. பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தைக் காட்டிக் கேட்டு வாங்கி ஒரு வாய் குடித்தார். ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். என் பையில் எப்போதும் மீட்டர் இருக்கும். எடுத்து அந்தத் தண்ணீரில் முக்கி அவரிடம் நீட்டினேன். 2210. துண்டுகூட இல்லாமல் நின்றது.

"இந்த ஊர் உங்கள் பட்டியலில் எத்தனையாவது?" என்று மதாம் முசியேவைக் கேட்டார்.

முசியே கடலைப் பார்த்தார். நான் கோப்பிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். மதாம் மேலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்தார். 96, 870, 610. விரல் நின்றது. மறுபடி மேலே போனது. மறுபடி கீழே வந்தது. கணக்கு டீச்சருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"இது என்ன வரிசை, முசியே?"

"அகர வரிசை, மதாம்" என்றார் முசியே. அந்த நேரத்திலும் அதற்குப் பெயர் தெரிந்த பெருமை குரலில் கொஞ்சம் இருந்தது. பிறகுதான் மதாமின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் என் பக்கம் கையை நீட்டினார். "எங்கள் கணினிப் பெண்ணின் கவனக்குறைவு. நான் பலமுறை எச்சரித்திருக்கிறேன்."

அத்தனை நாளாகச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சான்றிதழைப் பற்றிச் சொல்லலாம். பூட்டைப் பற்றிச் சொல்லலாம். மதாம் என்னை நம்பக்கூடச் செய்வார். முசியே மறுப்பார், விசாரிக்கலாம் என்பார், பாரீசுக்குக் கடிதம் எழுதுவோம் என்பார். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். அக்கா ஒன்றும் புரியாமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் கட்டிவைத்த சாமான் மூட்டை இருந்தது.

"உய், மதாம்" என்று ஆமாம் போட்டேன். பள்ளிப் பிரெஞ்சைத் தட்டித் தட்டி எடுத்தேன். "தப்பு என்னுடையது. இப்போதே திருத்திவிடுகிறேன். முசியே கடவுச்சொல் கொடுத்தால் போதும்."

முசியேவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். "பார்த்தீர்களா, ஒப்புக்கொள்கிறாள்" என்று மதாமிடம் சொல்லிவிட்டு, என் காதருகே குனிந்து கடவுச்சொல்லைச் சொன்னார். "சீக்கிரம் திருத்தும்மா, இதுகூட ஒரு வேலையா" என்றார். டம்ளர் அடுக்குகிற பலகையில் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். உடுப்பைக் கழற்றவில்லை. அடுக்குகிற இடத்தில் மட்டும் அந்த ஒரு வார்த்தையை மாற்றினேன். காரில் பெட்ரோல் போடுகிற நேரம்கூட ஆகவில்லை. பிள்ளைச்சாவடி மேலே ஏறி முதல் வரியில் போய் உட்கார்ந்தது. மீட்டரில் பார்த்து நான் ஏற்றிய புது எண்ணோடு, கமாவும் இடைவெளியுமாக, அழகாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போதே செம்மல் லாரியைக் கொண்டுவந்து அக்கா கடை வாசலில் நிறுத்திவிட்டான். குடங்கள் வரிசையில் நின்றன. லாரி வந்த சேதி கேட்டுப் பழைய ஆட்கள் சிலர் டீக்கும் வந்துவிட்டார்கள். மூத்தார் பைக்கில் வந்து இறங்கியபோது அக்கா மும்முரமாக ஆற்றிக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஒரு டீ கொடுத்தாள். அவர் குடித்தார். கூட்டத்தையும் பாய்லரையும் பார்த்தார். கடை நடக்கிறது, தீர்ப்பில் வேறு ஓட்டை இல்லை. டம்ளரை வைத்துவிட்டு வந்த வழியே போனார்.

எனக்குத் திங்கட்கிழமை மெமோ வந்தது. கவனக்குறைவால் நன்கொடையாளர் முன் சங்கத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதற்குக் கடும் எச்சரிக்கை, ஆறு மாதத்துக்குச் சம்பள உயர்வு இல்லை. மெமோவின் எண்ணுக்குக்கூட இடைவெளியும் கமாவும் போட்டிருந்தார். அதை எடுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். தண்ணீர்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள்.

"நீ பண்ணாத தப்புக்கு எதுக்குடி ஆமான்ன?"

"அது அவரு தப்பா இருந்த வரைக்கும் யாரையும் தொட வுடலக்கா. என் தப்புன்னு ஆனதும் உடனே திருத்தச் சொல்லிட்டாரு."

அக்கா மெமோவை மடித்து என்னிடமே கொடுத்தாள். டீ போட்டு என் முன்னால் வைத்தாள். பால் திரியவில்லை.